முதலாளி அகப்படாத சேவுக் கம்பெனி

அருப்புக்கோட்டையில் ஓரிழைச் சேவு போட்ட கம்பெனி யாருடையது என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் தலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து போகிறார்கள். கேள்வியில் தப்பில்லை. கம்பெனி என்று ஒன்று இருந்தால் முதலாளி என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பது நியாயந்தான். அந்த நியாயம் எங்கள் தெருவுக்குள் வந்து சேர மூன்று வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான். நான் அந்தத் தெருவில் தறி போட்டிருந்தவன். சென்னய்யாவுக்குப் பக்கத்து வீடு, அவர் தங்கையைக் கட்டியவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. வேண்டுமானால் அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான்.

ஜப்பான்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். நூலுக்குக் கட்டுப்பாடு வந்து, ஜவுளி முதலாளிகள் தறிக்குப் பாவு நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தறிக்குழிகளில் கோழி அடை காத்தது. மழைக்கும் அந்த வருஷம் கட்டுப்பாடுதான். திருச்சுழிப் பக்கம் ஒரு மேகம் தலைகாட்டினால், விலாசம் தப்பி வந்திருக்கிறது போலிருக்கிறதென்று ஜனங்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு மதுரை மில்லுக்கும், அதற்கு அப்பாலும் கிளம்பினார்கள். சென்னய்யாவும் கிளம்ப வேண்டியவர்தான். ஆனால் அவர் பிறந்ததும், பெண்டாட்டி பஞ்சம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்ததும், தறி போட்டதும் அந்த ஒரே வீடு. அதைப் பூட்டிவிட்டு ஊரை விட்டுப் போகக் கூடாது, அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்படியிருக்கையில் ஒரு நாள் காலை அவர் வாசலில் மாட்டுவண்டி ஒன்று நின்றது. திருச்சுழிக்கு அந்தப் பக்கத்து வண்டிக்காரர் வீரபத்திரன், ஒரு மூட்டை கடலை மாவையும், ஒரு டின் எண்ணெயையும், சேவு பிழிகிற பித்தளை உரல் ஒன்றையும் இறக்கி வைத்தார்.

"இத இங்க எறக்கச் சொன்னாக. சனிக்கெழம சரக்கெடுக்க வாரேன்" என்றார். போய்விட்டார்.

யார் சொன்னது என்று சென்னய்யா கேட்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். நெசவில், பாவைக் கொண்டுவந்து போடுகிறவன் முதலாளியின் ஆள். போட்டதை நெய்து கொடுத்துக் கூலியை வாங்கிக்கொள்ள வேண்டியது. நூல் யாருடையது, துணி எங்கே போகிறது என்று கூலிக்காரன் விசாரித்தால், அவன் முதலாளியைத் தாண்டிப் போகப் பார்க்கிறான் என்று அர்த்தம். அடுத்த பாவு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சென்னய்யா தகப்பன் காலத்திலிருந்து கேட்காத கேள்வியை அன்றைக்கும் கேட்கவில்லை. மாவு வந்திருக்கிறது, யாரோ சேவு கேட்கிறார்கள், போட்டுக் கொடுப்போம் என்று அடுப்பைப் பற்ற வைத்தார்.

பஞ்சம்மாள் பிழிந்தார். சென்னய்யா சட்டிப் பக்கம் உட்கார்ந்தார். நெசவுக்காரன் அறுந்த இழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். உரலிலிருந்து விழுகிற சேவு எங்கே அறுந்தாலும் அவர் விரல் தானாகப் போய் இரண்டு நுனியையும் பிணைத்துவிடும். கொதிக்கிற எண்ணெயிலா என்று கேட்கிறார்கள். பின்னே எண்ணெய் ஆறும்வரை காத்திருக்க முடியுமா? சுடுவதற்குள் கையை எடுத்துவிடுவார். தறியில் நாடா ஓட்டிய கை. இப்படியாக ஒரு மூட்டை மாவும் ஒரே இழையாக முடிந்தது. சூடு இருக்கும்போதே அதைப் பாவு சுற்றுகிற மர உருளையில், நாங்கள் ஆலை என்போம், அதில் சுற்றி வைத்தார்கள்.

சனிக்கிழமை வீரபத்திரன் வந்து பார்த்து, ஆலையோடு தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போனார். திருச்சுழிச் சந்தையில் தராசுக்கு வேலையில்லை. மல்லிகைப் பூ மாதிரி முழம் போட்டு விற்றார். அவருக்குக் கை குட்டை. வியாபாரத்துக்கு அது ரொம்ப ஒத்தாசை. சேவின் மொறுமொறுப்பைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். திருச்சுழியில் ஒருவர் கடித்தால் பாளையம்பட்டியில் நாய் எழுந்து நிற்கும். அவ்வளவுதான்.

விற்ற காசோடு வீரபத்திரன் வந்தார். சென்னய்யா தன் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஏறிட்டுப் பார்க்காமல் தள்ளிவிட்டார். முதலாளி பணத்தை முறைத்துப் பார்ப்பது மரியாதையில்லை. வீரபத்திரனோ வேறு மாதிரி நினைத்தார். பணத்தை ஏறிட்டும் பார்க்காத இப்படி ஒரு முதலாளியா என்று அசந்துபோய், தன் வண்டி வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கெல்லாம் மாவும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். முதலாளி பணத்தில் கை வைக்கலாமா? இரண்டு மூட்டை வந்தது. அடுத்த வாரம் நாலு. லாபத்தைத் தொடுவதற்கு ஆள் இல்லாததால் லாபம் முழுவதும் மாவாகவே வந்து சேர்ந்தது. சென்னய்யா வீட்டில் படுக்க இடமில்லாமல் போனபோது ஒரு மூட்டை என் வீட்டுக்கு வந்தது. பிறகு எதிர்வீட்டு வெங்கடலட்சுமி வீட்டுக்கு. பிறகு தெரு முழுக்க அடுப்பு. மதுரைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து கதவைத் திறந்தார்கள். ராஜபாளையம், பரமக்குடி என்று எங்கள் சேவு முழம் முழமாகப் போயிற்று. ஜனங்கள் அதைக் கம்பெனி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நாங்களும் கம்பெனி என்றே சொன்னோம். கம்பெனி முதலாளி நல்லவர், ஒரு நாளும் வந்து தொந்தரவு கொடுத்ததில்லை என்று பேசிக்கொண்டோம்.

மூன்றாவது வருஷம் சப்ளை ஆபீஸர் வந்தார். மாவுக்கும் எண்ணெய்க்கும் இனி பர்மிட் வேண்டும் என்று உத்தரவு. தெருவில் நுழைந்தவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சேவு ஆலை சுற்றுவதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுப் பார்த்தும் அதேதான் தெரிந்தது.

"யாருய்யா இங்க முதலாளி?"

சென்னய்யா வீரபத்திரனைக் காட்டி, "அவுகளக் கேளுங்க" என்றார். அதே நேரத்தில் வீரபத்திரன் சென்னய்யாவைக் காட்டி, "அவுகதான்" என்றார்.

ஆபீஸர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "திங்கக்கெழம வாரேன். முதலாளி கையெழுத்துப் போட்டா பர்மிட்டு. இல்லாட்டி ஒரு மூட்டை மாவு இந்தத் தெருவுக்குள்ள வராது. நான் வெளையாட வரல." போய்விட்டார்.

சென்னய்யா வீரபத்திரன் பக்கம் திரும்பினார். மாவு நின்றால் அடுப்பு நிற்கும். அடுப்பு நின்றால் வீட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

"வண்டிக்காரரே, ஆபீஸர் முன்னால இப்பிடியா வெளையாடுறது? நீங்க மொதலாளியோட ஆளுல்ல?"

"நான் ஒங்க ஆளுல்ல மொதலாளி? மூணு வருசமா ஒங்க சோத்தத்தான திங்கேன்."

"என் சோறா? நான் ஒங்க மொதலாளி சோத்தல்ல தின்னுக்கிட்டிருக்கேன்."

"ரெண்டு பேரும் தின்னது நான் பொங்குன சோறு" என்றார் பஞ்சம்மாள், உரலை விடாமல். "இப்ப அதுவா முக்கியம்? மொத மூட்டைய ஒம்ம வண்டில ஏத்துனது யாருன்னு கேளுங்க."

கேட்டோம். வீரபத்திரன் யோசித்தார். "விருதுநகர்ல ஒருத்தரு. தறிக்காரத் தெரு, வேப்பமரத்து வீட்டுல எறக்குன்னாரு. கொடை புடிச்சிருந்தாரு."

"ஆளு எப்பிடி?" என்றேன் நான்.

"கொடைக்கு அடியில இருந்தாரு. மொகந் தெரியல."

தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் வேப்பமரம். அதைச் சொல்லி யாரும் யாரையும் வருத்தப்பட வைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு, வெளியே தமிழ். குழம்பிப் போனால் இரண்டும் வராது. அன்று தெரு முழுக்க யாரும் பேசவில்லை.

மறுநாள் நானும் சென்னய்யாவும் விருதுநகருக்குப் போனோம். மழை கண்ட ஊரில் குடைக்காரனைத் தேடுவது கஷ்டம். இது மழை காணாத சீமை, ஆகையால் குடையோடு திரிந்தவர்கள் சுலபமாக அகப்பட்டார்கள். ஒவ்வொருவரிடமும் போய், "ஐயா, உங்களுக்கு அருப்புக்கோட்டையில சேவுக் கம்பெனி எதுவும் இருக்குதுங்களா?" என்று கேட்டோம். ஒருவர் இல்லையென்றார். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னொருவர், கையில் இருக்கிற குடையே தனக்குச் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்தோம்.

"மச்சான், பேசாம நீங்களே மொதலாளின்னு சொல்லிருங்க" என்றேன்.

"நாளைக்கு நெச மொதலாளி வந்து நின்னா நான் களவாணி ஆயிருவேன் மாப்ளே."

"களவாணி ஆனாக்கூட ஆகட்டும்" என்றார் பஞ்சம்மாள். "மூணு தீவாளிக்குச் சேலை வேட்டி யாரு எடுத்துக் குடுப்பா? மொதலாளின்னு ஒங்க வாயில வந்த மறு நிமிசம் தெருவே வாசல்ல வந்து நிக்கும். நானே நிப்பேன்."

அதுதான் விஷயம். எங்களுக்கு வேலை கொடுக்கிற முதலாளி, தீபாவளிக்குத் தெருவில் வீட்டுக்கு ஒரு சேலையும் வேட்டியும் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். பணமாக வாங்க மாட்டோம். துணிக்காரர்களுக்குத் துணியாகத்தான் வர வேண்டும். கல்யாணம் என்றால் முதல் தாம்பாளம் முதலாளியுடையது. கருமாதி என்றால் முதல் கோடித்துணி முதலாளியுடையது. வந்து சேராத முதலாளி பேரில் இதெல்லாம் மூன்று வருஷமாகச் சேர்ந்து கிடந்தது. யுத்த காலத்தில் துணிக்கு எங்கே போவது? கோவணத்துக்கே கூப்பன் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, விருதுநகரிலிருந்து வருகிற கரி பஸ்ஸில் ஜோதிலிங்கம் வந்து இறங்கினார். பாளையம்பட்டியில் பிறந்தவர், சின்ன வயதில் ரங்கூனுக்குப் போய், சண்டையில் திரும்பி வந்தவர். கோட்டு போட்டிருந்தார். முதலாளி இல்லாத கம்பெனி ஒன்று கிடக்கிறது என்று எங்கேயோ கேள்விப்பட்டு, மதுரையில் ஒரு கமிஷன் மண்டிக்காரரிடம் அதை விலையும் பேசிவிட்டுத்தான் வந்தார் என்பது பிறகு தெரிந்தது.

நடுத்தெருவில் நின்று, "இது என் கம்பெனி" என்றார். "ரங்கூன்லேருந்து பணம் அனுப்பி ஆரம்பிச்சேன். சண்டையால வர முடியல."

சென்னய்யா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். வீரபத்திரனைக் கூப்பிட்டு, "இவுகதானா அன்னிக்கு மூட்டை ஏத்துனது?" என்றார்.

"கொடைய விரிக்கச் சொல்லுங்க. பாத்துச் சொல்றேன்."

ஜோதிலிங்கத்திடம் குடை இல்லை. ஒரு முழம் சேவு வாங்கிக் கடித்துவிட்டு, "நல்லாருக்கே. இத எந்த மாவுல போடுறது?" என்று கேட்டார்.

சென்னய்யாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. என் காதோடு, "மாப்ளே, இவுகதான் மொதலாளி. சந்தேகமே இல்ல" என்றார். "கூலிக்காரனா இருந்தா இதாவது தெரிஞ்சிருக்கும்ல."

திங்கட்கிழமை ஆபீஸர் வந்தார். ஜோதிலிங்கம் கோட்டு கசங்காமல் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பர்மிட் கிடைத்தது. ஆபீஸர் தெருமுனையைத் தாண்டியதுதான் தாமதம், வெங்கடலட்சுமி வந்து கும்பிட்டு நின்றார்.

"நல்லாருக்கணும் மொதலாளி. மூணு தீவாளிச் சேலை. எனக்குப் பச்சை ஆகாது, சொல்லிட்டேன்."

"என்ன சேலை?" என்றார் ஜோதிலிங்கம்.

வெங்கடலட்சுமிக்குப் பின்னால் தெருவே நின்றது. ஒருவருக்கு மூன்று வேட்டி. ஒருவர் மகள் கல்யாணத் தாம்பாளம். ஒருவர் தகப்பனார் கோடித்துணி. தகப்பனார் செத்து இரண்டு வருஷமாயிற்று, கோடிக்காகக் காத்திருக்கவில்லை. பஞ்சம்மாள் சொன்ன சொல் தவறாமல் வரிசையில் இரண்டாவதாக நின்றார். சிலர் குறை சொல்ல மட்டும் வந்தார்கள். போன தையில் வந்த எண்ணெய் காறல் அடித்தது என்றார்கள். மூன்று வருஷமாக முதலாளியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் வைத்திருந்தார்கள், பாவம், யாரிடம் சொல்வது?

ஜோதிலிங்கம் எல்லாவற்றுக்கும் ஆகட்டும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, சாயந்திரம் மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கரியில் ஓடுகிற பஸ் எப்படி ஓடும் என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. மேட்டில் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும், பள்ளத்தில் இறங்கிப் பிடிக்க வேண்டும். நாங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே பேசிக்கொண்டு நடந்தோம். ஜன்னல் வழியாக ஒருவர் சேலைக் கரையின் அகலத்தைச் சொன்னார். ஒருவர் வேட்டிக்கு நீளம் சொன்னார். நடுவழியில் பஸ்ஸுக்கு மூச்சு முட்டி நின்றபோது, பஞ்சம்மாள் மட்டும் முன்னால் போய்ச் சாலையில் நின்றுகொண்டு பஸ் வருவதற்காகக் காத்திருந்தார். ஜோதிலிங்கம் தானாகவே இறங்கிவிட்டார்.

மறுநாள் சப்ளை ஆபீசுக்கு ஓடினார். "சார், நான் முதலாளி இல்ல. தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அந்தத் தெருவுல இதச் சொல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க" என்றார் ஆபீஸர். "இப்ப நீங்களும் சொல்லிட்டீங்க. கையெழுத்து ஒங்களது. போங்க."

ஜோதிலிங்கம் திரும்பி வந்து சென்னய்யா வீட்டு வாசலில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இவ்வளவு துணிக்கு எங்க போறது? கடையில ஒரு முழம் கெடையாதே."

"நெய்யணும்" என்றார் சென்னய்யா.

"யாரு நெய்வா?"

"நாங்கதான். நூல் வாங்கிக் குடுங்க."

நூல் வாங்க நாங்கள் போனால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். கம்பெனி முதலாளி என்று கையெழுத்துப் போட்டவர் போனால் கொஞ்சமாவது திறக்கத்தானே வேண்டும். ஜோதிலிங்கம் மதுரைக்கும் விருதுநகருக்கும் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். அலைந்ததில் கோட்டு தேய்ந்து, அதைச் சேவு எண்ணெய் துடைக்கக் கொடுத்துவிட்டார். மதுரை மண்டிக்காரர், வாங்குவதற்குக் கம்பெனியைப் பார்க்க ஒரு நாள் வந்தார். நடுத்தெருவில் நின்ற ஜோதிலிங்கத்திடம் தெரு முழுக்கச் சேலை கேட்பதைப் பார்த்துவிட்டு, வந்த பஸ் திரும்பக் கிளம்பும்வரைகூடக் காத்திருக்காமல், அதற்கு முன்னால் நடந்தே போய்விட்டார்.

கடைசியில் நூல் வந்தது. தறிக்குழியிலிருந்து கோழிகளை விரட்டிவிட்டு, சென்னய்யா பாவைப் போட்டார். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் தறி. வீட்டில் இரண்டு வேலை இருக்கிறவனை யார் ஊரை விட்டுக் கிளப்ப முடியும்? அவர் நாடாவை ஓட்டுகிற சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. மூன்று வருஷ தீபாவளிச் சேலையில் முதல் சேலையைத் தறியிலிருந்து அறுத்து மடித்து ஜோதிலிங்கத்திடம் கொடுத்தார். ஜோதிலிங்கம் அதை முறைப்படி தாம்பாளத்தில் வைத்துப் பஞ்சம்மாளிடம் கொடுத்தார். பஞ்சம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சென்னய்யா அங்கேயே நின்றார்.

"என்ன சென்னய்யா?" என்றார் ஜோதிலிங்கம்.

"நெசவுக் கூலிங்க."

"இது உங்க பெண்டாட்டிக்குக் குடுத்த சேலையில்ல?"

"குடுத்தது நீங்க. நெய்ஞ்சது நாங்க. கூலி எப்பவும் உண்டுல்ல?"

ஜோதிலிங்கம் கணக்குப் போட்டுப் பார்த்தார். நூல் விலை அவருடையது, சேலை அவர்களுடையது, கூலியும் அவர்களுடையது. விரலை மடக்கினார், நீட்டினார். கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்பாசாமி, நெசமாச் சொல்லுங்க. இதுல நான் எதுக்குத்தான் முதலாளி?"

நான் உண்மையே பேசுகிறவன். தெரியவில்லை என்றேன்.

"அத அப்புறமா யோசிங்க" என்றார் பஞ்சம்மாள். "சட்டி காஞ்சு போச்சு. உரலக் கொஞ்சம் புடிங்க மொதலாளி, கை வலிக்குது."

ஜோதிலிங்கம் உட்கார்ந்து உரலைப் பிடித்தார். முதல் பிழியிலேயே இழை அறுந்தது. சென்னய்யா குனிந்து பிணைத்தார்.